வெளியூரில் கார் எங்கே நிற்கும்?

போன வருஷம் ஆவணி மாசம், ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள். காலையில் சென்னிமலையில் என் வைத்தியசாலைக் கதவைத் திறக்கும்போதே திண்ணையில் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வயது 68. மூன்று வருஷத்துக்கு முன்பு இடது பக்கம் பக்கவாதம் வந்து, பெருந்துறையில் ஆங்கில மருத்துவமும் என்னிடம் சித்த மருத்துவமுமாகப் பார்த்து, இப்போது கைத்தடியோடு தானாகவே நடக்கிறவர். அன்றைக்கு இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு. வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது.

"என்னங்க டீச்சர், எங்க விழுந்தீங்க?"

"கோயமுத்தூர்ல அண்ணன் பேத்தி கல்யாணம் தம்பி. மண்டபத்துக்குள்ள விழுந்திருந்தாலும் பரவாயில்ல. நடுரோட்டுல விழுந்தேன்."

நடந்தது இதுதான். மண்டப வாசலுக்குப் பக்கத்திலேயே, தரையில் சக்கர நாற்காலி படம் வரைந்த இடம் ஒன்று காலியாக இருந்திருக்கிறது. மகன் காரை அங்கே திருப்பியிருக்கிறார். வாட்ச்மேன் ஓடி வந்து, "இது ஊனமுற்றவங்களுக்குங்க, எடுங்க" என்றாராம். "எங்கம்மாவுக்குத்தாங்க" என்றிருக்கிறார் மகன். வாட்ச்மேன் குனிந்து காருக்குள் பார்த்தார். பட்டுச்சேலை, மூக்குக்கண்ணாடி, மடியில் மொய்க் கவர். "நல்லாத்தானே உக்காந்திருக்காங்க? கார்டு இருக்குதுங்களா?"

கார்டு இல்லை. பின்னால் நாலைந்து கார்கள் ஹாரன் அடிக்க, பதற்றத்தில் காரை எடுத்து அடுத்த தெருவில் போய் நிறுத்தினார்கள். அங்கிருந்து நடந்து வரும்போது சாக்கடைப் பலகைக் கல்லில் இடது கால் நுனி இடறி... மிச்சத்தைத்தான் நான் பார்த்தேனே!

"விழுந்ததுகூடப் பெருசில்ல தம்பி. அத்தனை பேர் பாக்க, எனக்குக் கால் வராதுன்னு நான் நிரூபிச்சுக் காட்டோணும்னு ஆயிப்போச்சு. இனிமே எங்கயும் வாறதில்லைன்னு பையன்கிட்டச் சொல்லிட்டேன்."

காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன், நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை. ஆனால் "இனிமே எங்கயும் வாறதில்லை" என்றாரே, அதுதான் எனக்கு வீக்கத்தைவிடப் பயமாக இருந்தது. பக்கவாதத்திலிருந்து மீண்டவர் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டால் தசை இறுகும், நடை குறையும், மனசு சோரும். ஒரு வருஷம் பாடுபட்டு வாங்கின நடை மூன்றே மாசத்தில் போய்விடும். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய மகன் என்னிடம், "அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடலாங்களா டாக்டர்?" என்று கேட்டார். நான் கொஞ்சம் கர்வமாகவே, "அது எதுக்குங்க? நான்தான் நடக்க வச்சிடறேனே!" என்றேன். நடக்க வைத்தது உண்மைதான். ஆனால் வீட்டுக் கூடத்தில் நாற்பது அடி நடப்பது வேறு, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இருநூறு மீட்டர் நடப்பது வேறு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், குடிநீர் காய்ச்சச் சொல்லிக் கொடுத்தார்கள். கார் எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. அதை இந்த டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தார்.

நம்மிடம் இருப்பது எந்த அட்டை?

வெளிநாட்டில் காரின் முன்கண்ணாடியில் நீல நிற அட்டை ஒன்றை வைத்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுபோல வண்டி நிறுத்துவதற்கென்றே நாடு முழுக்கச் செல்லும் தனி அனுமதி அட்டை நம் நாட்டில் கிடையாது. ஸ்டிக்கர் கடையில் முப்பது, நாற்பது ரூபாய்க்கு விற்கிறார்களே சக்கர நாற்காலி ஸ்டிக்கர், அதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்!

நம்மிடம் இருப்பது ஆளுக்கான அட்டை. யு.டி.ஐ.டி. என்று சொல்லப்படும் மாற்றுத்திறனாளிகள் தனித்துவ அடையாள அட்டை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கை கால் இயக்கக் குறைபாடு மட்டுமல்ல, பார்க்கின்சன் என்ற நடுக்கு நோய், தசைச் சிதைவு, ஹீமோபீலியா, அறிவுசார் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. அந்தச் சட்டத்தின் 58-வது பிரிவு, முறைப்படி வழங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்கிறது. ஈரோடு மாவட்டத்தில் வாங்கினது கோயமுத்தூரிலும் செல்லும், காசியிலும் செல்லும். "இது வேற மாவட்டத்து அட்டைங்க" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

அட்டையில் மூன்று வண்ணக் குறி உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை. 40 முதல் 80-க்குள் மஞ்சள். 80-ம் அதற்கு மேலும் நீலம். சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவீதத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இதை நான் தர முடியாது. "நீங்களே ஒரு சர்ட்டிபிகேட் போட்டுக் கொடுத்துடுங்க டாக்டர்" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அதற்கென்று அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிகள்தான் பரிசோதித்து சதவீதம் போட வேண்டும். விண்ணப்பத்தை ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் போட வேண்டும். ஆதார், போட்டோ, நோய் விவரம் காட்டும் பழைய சீட்டுகள் தேவைப்படும். இணையம் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழிகாட்டுவார்கள். பிறகு பரிசோதனைக்கு அழைப்பு வரும். எல்லாம் முடிய மாசக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் யாத்திரை என்றால் பங்குனியில் விண்ணப்பித்துப் பிரயோஜனமில்லை. பக்கவாதம் போன்ற நரம்பு நோய்களில் நோய் வந்து ஆறு மாசம் போன பிறகுதான் பொதுவாக மதிப்பிடுவார்கள். அதற்குள் உடம்பு தேறுகிற அளவு தேறிவிடும் என்பது காரணம்.

இன்னொன்று. சிலருக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் கிடைக்கும், அதில் முடிவுத் தேதி இருக்கும். வெளியூர் கிளம்பும் முன் டிக்கெட்டில் தேதி பார்க்கிற மாதிரி அதையும் ஒரு தடவை பாருங்கள். பழைய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள், வெளி மாநிலம் போவதற்குள் புது அட்டைக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வாங்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். "ஊனம்னு பேர் வாங்கோணுமா?" என்று கேட்கிறார்கள். 2010-ல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்று கொண்டு வந்தது. காகிதத்தில் சொல் மாறிவிட்டது, வீட்டுக்குள் மாறவில்லை. மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படாத நாம் இந்த அட்டைக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம் என்று எனக்கு விளங்குவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் இந்த அட்டை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்று சொல்லும் மூட்டுத் தேய்மானத்தில், தினம் கொஞ்சம் நடப்பதே மருந்து. உரிமை இல்லாதவர் ஏமாற்றிச் சலுகை வாங்கினால் 91-வது பிரிவுப்படி இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அந்த இடம் ஏன் அகலமாக இருக்கிறது?

பக்கத்தில் இருப்பதுதான் அந்த இடத்தின் சிறப்பு என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. சாதாரணமாக ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டர் அகலம் விடுவார்கள். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல் தர வழிகாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் அகலம் எதற்கு? கதவை முழுசாகத் திறப்பதற்கு!

நீங்களும் நானும் கதவை ஒரு சாண் திறந்தால்கூட உடம்பை வளைத்து இறங்கிவிடுவோம். பக்கவாதம் வந்தவர் எப்படி இறங்குவார்? முதலில் இடுப்பைத் திருப்பி இரண்டு காலையும் வெளியே வைக்க வேண்டும். பலமில்லாத காலை நல்ல கையால் தூக்கி வைக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பதிந்த பிறகு, உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கைத்தடியோ வாக்கரோ வைக்க இடம் வேண்டும். சக்கர நாற்காலி என்றால் அதைக் காருக்குப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்த வேண்டும். பக்கத்துக் கார் அரை அடி தள்ளி நின்றால் இதில் ஒன்றும் நடக்காது. இடம் காலியாகத்தானே இருக்கிறது, பத்து நிமிஷம்தானே என்று அங்கே தன் பெரிய வண்டியை விட்டுப் போகிறவர், ஒருவரை காருக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்.

இறக்கி விடுகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன், கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பலமில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வருஷக்கணக்கில் போகாது. பலமில்லாத பக்கமாக நின்று இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். அடுத்தது, எழும்போது திறந்த கதவைப் பிடித்துத் தொங்க விடாதீர்கள், கதவு ஆடும். காரின் உடம்புச் சட்டத்தையோ இருக்கையையோ பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, இருக்கையின் மேல் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார வைத்தால் திரும்புவது சுலபம். ஆனால் உட்கார்ந்து, இறங்கும்போது திரும்புவதற்கு மட்டும் போடுங்கள். கார் ஓடும்போது எடுத்துவிட வேண்டும், பிரேக் போட்டால் வழுக்கும். பட்டுச்சேலைக்குப் பிளாஸ்டிக்கே வேண்டியதில்லை, அதுவே வழுக்கும்!

படத்தில் இருப்பவர் மட்டும்தானா?

வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்தப் படத்தை அப்படியே படித்திருக்கிறார். அந்தச் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968-ல் டென்மார்க் நாட்டு மாணவி சூசன் கோஃபோட் வரைந்தார். அவர் வரைந்ததில் வெறும் நாற்காலிதான் இருந்தது, தலை பிற்பாடு சேர்த்தது. 1969-ல் உலகச் சின்னமாக ஏற்றுக்கொண்டார்கள். தூரத்திலிருந்தே புரியும் நல்ல சின்னம். ஆனால் நாற்காலியில் வருகிறவர் மட்டும்தான் உரிமைக்காரர் என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிட்டது. செயற்கைக் கால் பொருத்தியவர் பேன்ட் போட்டால் தெரியுமா? பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை வேலை செய்யும் ஒரு மணி நேரம் நடை நன்றாகவே இருக்கும், அடுத்த மணி நேரம் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். வாட்ச்மேன் எந்த மணி நேரத்தில் பார்க்கிறார் என்பதில்தான் தீர்ப்பு! இங்கிலாந்தில்கூட 2019 ஆகஸ்ட் 30-ல்தான் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் நீல அட்டை என்று விதியைத் திறந்துவிட்டார்கள்.

ஆகவே வெளியூரில், நம்மைத் தெரியாத இடத்தில், அட்டைதான் பேச வேண்டும். அசல் அட்டை கையில், அதன் படம் செல்போனில். அட்டை பெரியவரின் பையில் இருக்கட்டும், மகனின் பர்ஸில் வேண்டாம். மகன் டிக்கெட் வாங்கப் போயிருக்கும்போதுதான் யாராவது கேட்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையத்தில் வண்டி நிறுத்தும் இடம் உட்பட வசதி செய்து தர வேண்டும் என்று 41-வது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தினால் 92-வது பிரிவுப்படி ஆறு மாசத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் முகூர்த்த நேரத்தில் மண்டப வாசலில் நின்று பிரிவு எண் சொல்லிச் சண்டை போட முடியுமா? அதற்கு நான் சொல்லும் வைத்தியம் முந்தின நாள் ஒரு போன். மண்டபத்துக்கோ, லாட்ஜுக்கோ, கோயில் அலுவலகத்துக்கோ போன் செய்து, "நடக்க முடியாத பெரியவங்க வர்றாங்க. வாசல் வரைக்கும் கார் வருங்களா? எத்தனை படி? கைப்பிடி இருக்குங்களா? உட்காரும் கக்கூஸ் எந்த மாடியில?" என்று கேளுங்கள். பேசினவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாசலில், "உங்க மேனேஜர்கிட்ட நேத்தே பேசியிருக்கோமுங்க" என்ற ஒரு வாக்கியம் அரை மணி வாக்குவாதத்தை மிச்சம் பண்ணும்.

அப்படியும் இடம் கிடைக்கவில்லையா? முதலில் வாசலிலேயே பெரியவரை இறக்கி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கூட ஒருவரை நிறுத்திவிட்டு, பிறகு காரை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போங்கள். டீச்சர் வீட்டில் அன்று பதற்றத்தில் யாருக்கும் தோன்றாமல் போனது இதுதான்.

நெடுந்தூரம் போகிறவர்களுக்கு

விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் அட்டையைக் காட்டினால் கட்டணம் இல்லையா என்று கேட்கிறார்கள். சாதாரணக் காருக்கு இல்லை. உடல் குறைபாடு உள்ளவர் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்து, அப்படியே பதிவும் செய்த வண்டிக்குத்தான் விலக்கு. அதற்கும் விலக்கு ஃபாஸ்டாக் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

ரயிலில், துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாத இயக்கக் குறைபாடு உள்ளவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் 75 சதவீதம், இரண்டாம் ஏ.சி.யில் 50 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வே தரும் தனி அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், நம் பகுதிக்கு சேலம் கோட்டம். நம் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஈங்கூர்தான் என்றாலும், முடியாதவர்கள் ஈரோட்டிலேயே ஏறுவது நல்லது. விமானம் என்றால் 48 மணி நேரம் முன்பே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நான் வைத்தியனே இல்லை. கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு, நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில் துணி நனைத்து மூட்டுக்கு ஒத்தடம் கொடுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்த பக்கத்துக்கும் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தைலம் தேய்ப்பதை ராத்திரியோடு நிறுத்துங்கள். காலையில் உள்ளங்காலில் எண்ணெயோடு கிளம்பினால் செருப்புக்குள் கால் வழுக்கும். பின்பட்டை வைத்த செருப்புதான் போட வேண்டும்.

வழியில் கக்கூஸ் இருக்குமோ இருக்காதோ என்று பயந்து, பெரியவர்கள் முந்தின நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுற்றல் எல்லாம் இதனால் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை "பயணத்துல வேண்டாம்" என்று நிறுத்துவதும் கூடாது. சித்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகன் லண்டனில் இருந்தால்

நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். "அம்மாவைக் கூட்டிட்டு வாறேன், இந்த அட்டை இங்க செல்லுமா?" என்று போன் வருகிறது. நம் அட்டை இந்தியாவுக்குள் மட்டும்தான். பிரிட்டனின் நீல அட்டையை, குடியிருக்கும் இடத்து உள்ளாட்சி மன்றம் தருகிறது. சுற்றிப் பார்க்க வந்தவர் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. 1971-ல் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, 2000-த்தில் நீலமான திட்டம் அது. அட்டை ஆளுக்கு, காருக்கு அல்ல. அட்டைக்காரர் கூட வராத பயணத்தில் மகன் அதை வைத்து வண்டி நிறுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். அங்கேயே குடியேறி அட்டை வைத்திருப்பவர்களும் ஊர் மாறினால் விதி பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மற்ற ஊர்களில் மஞ்சள் கோட்டின் மேல் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். லண்டனின் நடுவில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன்-செல்சீ, சிட்டி, கேம்டனின் ஒரு பகுதி ஆகியவற்றில் அந்தச் சலுகை அப்படியே செல்லாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. வந்து போகிறவருக்குத் தற்காலிக அட்டை உண்டா என்று அந்த மாநில மோட்டார் வாகனத் துறையில் பிள்ளைகளை முன்பே கேட்கச் சொல்லுங்கள். அம்மாவின் மருத்துவச் சீட்டுகளை ஒரு பைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

சரி, நம் மலைக்கு வருவோம். சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படி. 1984-ல் இரண்டு காளை பூட்டிய வண்டி இந்தப் படிகளில் ஏறிப் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். வண்டி ஏறிய படியில் நம் டீச்சர் ஏற முடியாது. மலைப்பாதையில் காரில் போய், மேலே இருக்கும் சில படிகளை மட்டும் பேரன் கையைப் பிடித்து ஏறுவார். கிருத்திகையும் தைப்பூசமும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் அவர் கணக்கில் விசேஷ நாள்.

ஆமாம், டீச்சருக்கு அட்டை வந்துவிட்டது, மஞ்சள் குறி. விண்ணப்பம் போட வைக்கவே எனக்கு இரண்டு மாசம் பிடித்தது. இந்த வருஷம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போய், மெரினாவில் 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்கென்று போட்ட மரப்பாதையில் அலை தெரியும் தூரம் வரை போய் நின்றிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் ஒரு குறை சொன்னார்.

"அட்டையைத் தைல பாட்டிலோட பைல வச்சு, போற எடமெல்லாம் கொண்டு போனேன் தம்பி. ஒருத்தரும் கேக்கவே இல்ல!"

அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆனவர்களுக்கு நான் எழுதும் மருந்துச் சீட்டில், குடிநீருக்கும் தைலத்துக்கும் கீழே மூன்றாவது வரியாக அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை வரும்போது முதல் இரண்டு வரியைப் போலவே அதையும் கேட்பேன்.